வண்டியில் இழுவை குறைவு; டீசல் டர்போவின் ஆக்சுவேட்டர் (டர்போவைக் கட்டுப்படுத்தும் இயக்கி) கம்பி ஐடிலிங்கிலேயே உள்ளே இழுபடுகிறதே, அதுதான் கோளாறா?

கோளாறு இல்லை. பெட்ரோல் காரில் அசையாமல் நிற்கும் ஆக்சுவேட்டர் கம்பி, உங்கள் டீசலில் ஸ்டார்ட் செய்ததும் உள்ளே போவது சரியான இயக்கம்தான்.

பெட்ரோலில் நீங்கள் பார்த்தது வேஸ்ட்கேட், அதாவது மிஞ்சிய புகையை டர்பைனுக்கு (புகை சுழற்றும் சக்கரம்) போகாமல் வெளியே விடும் கதவு. ஸ்பிரிங் அதை மூடியே வைத்திருக்கும். பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறியபின் அந்த அழுத்தமே திறந்துவிடும். உங்களுடையது வெற்றிடத்தில் இயங்கும் விஜிடி (புகை போகும் வழியின் அகலத்தை மாற்றும் டர்போ). வெற்றிடம் இழுத்தால் டர்பைனைச் சுற்றியுள்ள வேன்கள் (சின்னத் தகடுகள்) நெருங்கி பூஸ்ட் ஏறும், விட்டால் விரிந்து குறையும். அதனால் குழாய் கசிந்தால் விளைவு நேர்மாறு: பெட்ரோலில் பூஸ்ட் எல்லை மீறும், உங்கள் டீசலில் வண்டி மந்தமாகும். (பெட்ரோல் புகை 1000 டிகிரி செல்சியஸ் வரை சுடும். மெல்லிய வேன்கள் அங்கே அரிதாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.)

நீங்கள் சொல்லும் இழுவைக் குறைவுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது விரிசல் விட்ட வெற்றிடக் குழாயை.

1. ஐடிலிங்கில் ஆக்சுவேட்டர் குழாயைக் கழற்றுங்கள். கம்பி வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். திக்கினால் வேன்களில் கரி.
2. எஞ்சினை அணைத்து, கை வெற்றிடப் பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்துப் பிடியுங்கள். பம்பின் அளவி முள் இறங்கினால் டயஃப்ரம் (ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது.

மின் மோட்டார் ஆக்சுவேட்டராக இருந்தால் இதெல்லாம் பொருந்தாது, கையால் தள்ளவும் வேண்டாம். அப்புறம், எதுவானாலும் ஸ்டாப் ஸ்க்ரூவை (அசைவின் எல்லையை நிர்ணயிக்கும் திருகாணி) திருகாதீர்கள்.