தண்ணீரில் பின்நடை: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,
அம்மாவுக்கு 63 வயது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இரண்டு முட்டியிலும் வலி, படி இறங்கும்போது அதிகம். நீச்சல் குளத்தில் பின்னால் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். முட்டி இன்னும் கெடாதா? நடந்த இரவெல்லாம் இடுப்பு வேறு வலிக்கிறது என்கிறார்.
வாசகி, சுங்கை சிப்புட்

வணக்கம்மா,

முறையாக நடந்தால் முட்டி கெடாது. முன்னால் நடக்கையில் குதிகால் முதலில் ஊன்றும். உடனே முட்டி மடங்க, தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல்பாரத்தைத் தாங்கிப் பிடிக்கும். முட்டிச்சில்லு அழுந்துவது அப்போதுதான். படி இறங்குவதில் இது இன்னும் கடுமை. பின்நடையில் கால்விரல் முதலில் படும், குதிகால் கடைசியில். அதே தசை சுருங்கி, முட்டியை நிமிர்த்தி, உடலைப் பின்னுக்குத் தள்ளும். தசைக்கு வேலை கூடும், சில்லுக்கு அழுத்தம் குறையும்.

ஆழமும் முக்கியம். இடுப்பளவுத் தண்ணீரில் காலில் இறங்குவது உடல் எடையில் ஏறக்குறைய பாதி. நெஞ்சுக்குழி அளவில் மூன்றில் ஒரு பங்கு. 60 கிலோ உள்ளவருக்குச் சுமார் 20 கிலோதான். கழுத்தளவுக்குப் போகவே வேண்டாம், கால் தரையில் பிடிக்காது.

இப்போது இடுப்பு. பின்னால் போகும்போது தண்ணீர் முதுகில் மோதி உடலை முன்னுக்குச் சாய்க்கும். அதை நிமிர்த்திப் பிடிப்பவை முதுகுத்தண்டின் இருபக்கத் தசைகள். தரையில் நடப்பதைவிட அவற்றுக்கு இங்கே வேலை அதிகம். அம்மா வேகமாக நடக்கிறார் என்று நினைக்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாலும் முதுகு முறுக்கிக்கொள்ளும்.

முதலில் குளத்துச் சுவரில் பிட்டமும் தோள்பட்டையும் படும்படி நிற்கச் சொல்லுங்கள். அந்த நிமிர்வு மாறாமல், சுவர் பக்கவாட்டில் இருக்கும்படி திரும்பி, ஒரு கையைக் குளத்தின் விளிம்பில் வைத்தபடி சிறு அடியாகப் பின்னால் போகட்டும். விரல், முன்பாதம், குதிகால் என்று பாதம் முழுதும் படிந்த பிறகே பாரத்தை மாற்ற வேண்டும். பின்னால் யாரும் வருகிறார்களா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் திரும்ப வேண்டாம். தோள் இடுப்பைத் தாண்டி முன்னே வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். 2 நிமிடம் முன்நடை, 1 நிமிடம் பின்நடை, இப்படி நான்கைந்து சுற்று ஆரம்பத்துக்குப் போதும். கைலி வேண்டாம், காலைச் சுற்றிக்கொள்ளும். வழுக்காத ரப்பர் காலணி நல்லது.

அம்மாவுக்கு இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறக்காதீர்கள். நெஞ்சளவுத் தண்ணீரின் அழுத்தம் கால் ரத்தத்தை இதயத்தின் பக்கம் தள்ளும். மறுநாள் காலையிலும் முட்டி வீங்கியிருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள்.