ஊசி போட்ட கை வெளிறினால் விடியும்வரை பொறுக்க வேண்டாம்

தங்கச்சி, முழங்கை மடிப்பில ஊசி போட்ட உடன அண்ணாவுக்கு விரல் நுனிவரை எரிஞ்சு, இப்ப விரல்கள் வெளிறி நீலம் பாய்ஞ்சிருக்கு, சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். வேண்டாம், ஐஸும் வேண்டாம்; மரத்த தோல் பழுதாகிறது தெரியாது.

மருந்து நாடிக்குள்ள, அதாவது இதயத்திலயிருந்து கைக்கு இரத்தம் கொண்டுபோற குழாய்க்குள்ள, போயிருக்கலாம். மணிக்கட்டில துடிப்பு இருக்கெண்டு ஆறுதல்படாதேங்கோ. அடைபடுறது விரலுக்குப் போற சின்னக் குழாய்கள். பெரிய நாடி அப்பவும் துடிக்கும்.

மோதிரத்தைக் கழற்றி, கையைத் தலையணையில உயர்த்தி வச்சு, உடன 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கோ. கனுலா (மருந்து ஏத்தக் கையில பொருத்தின மெல்லிய குழாய்) இருந்தா இழுக்காதேங்கோ, அதுக்குள்ளால சிகிச்சை மருந்து குடுக்கலாம். போட்ட மருந்தின்ர குப்பியைக் கொண்டுபோங்கோ, நேரத்தையும் சொல்லுங்கோ. முல்லைத்தீவோ கிளிநொச்சியோ, கிட்ட இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் பற்றி வைத்தியர் முடிவெடுப்பார். குருதிக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணரிட்ட காட்டவேணுமெண்டு கேளுங்கோ.

முன்னங்கை இறுகி, விரலை நிமிர்த்தத் தாங்கேலாத வலி எண்டா உடன சொல்லுங்கோ. தசையுறையைக் கீறி அமுக்கத்தைக் குறைக்க மணித்தியாலக் கணக்கில்தான் அவகாசம்.