வேலை என்னும் ஒற்றை ஆணி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே அச்சத்தைச் சுற்றியே எழுதப்பட்டிருந்தன. ஆகவே பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி, தோட்டம், சினிமா பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இங்கே அமெரிக்காவில் வேலை தொடர்பானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பதினோரு ஆண்டுகள் உழைத்த என் கணவரை, காலையில் ஒரு மின்னஞ்சல் அனுப்பி மதியத்துக்குள் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு மாத நோட்டீஸ்கூடத் தராமல் இப்படிச் செய்ய இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறதா?
(வாசகி, பிளேனோ, டெக்சாஸ்)

பதில்: பெரும்பாலும் இடம் கொடுக்கிறது என்பதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. மொன்டானா தவிர மற்ற 49 மாநிலங்களிலும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாத வரை, முதலாளி எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமலே ஒருவரை நீக்கலாம். ஊழியரும் அதேபோல் சொல்லாமல் கொள்ளாமல் விலகலாம். ‘அட் வில்’ என்று இதற்குப் பெயர். மொன்டானா மட்டும் 1987-இல் தனிச் சட்டம் இயற்றி, சோதனைக் காலம் முடிந்த ஊழியரைத் தகுந்த காரணமின்றி நீக்கக் கூடாது என்று வைத்தது. இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு, வயது, உடற்குறை ஆகியவற்றைக் காட்டி நீக்குவது எந்த மாநிலத்திலும் சட்டவிரோதம்தான் என்றாலும், அதை மெய்ப்பிக்கும் சுமை வேலையிழந்தவரின் தலையிலேயே விழுகிறது.

முன்னறிவிப்புக்கென்று கூட்டாட்சிச் சட்டம் ஒன்று உண்டு. 1988-இல் வந்த ‘வார்ன்’ சட்டப்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனம் ஓர் ஆலையையோ அலுவலகத்தையோ மூடினாலும், ஒரே இடத்தில் பெருந்திரளாக ஆட்களைக் குறைத்தாலும், 60 நாளுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பல நிறுவனங்கள் அன்றைக்கே கணினியைப் பூட்டிவிட்டு, 60 நாள் சம்பளத்தைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்துகொள்கின்றன. ஒருவரையோ நால்வரையோ நீக்குவதற்கு அந்தச் சட்டமும் பொருந்தாது.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஒரு புதன்கிழமை காலை, காபியை மேசையில் வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தபோது, அது என் கடவுச்சொல்லை மூன்று முறை ஏற்க மறுத்தது. கணினிக் கோளாறு என்று நினைத்து உதவி மையத்துக்குத் தொலைபேசி செய்து, இருபது நிமிடம் அவர்கள் போட்ட இசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்த இளைஞர் என் ஊழியர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. “உங்கள் சொந்த மின்னஞ்சலைப் பார்த்தீர்களா?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். எனக்கு வேலை போன செய்தி, முகம் தெரியாத அவருக்கு என்னைவிட முன்பே தெரிந்துவிட்டது.

உங்கள் கணவருக்கு இழப்பீட்டுத் தொகையுடன் ஓர் ஒப்பந்தமும் வந்திருக்கக்கூடும். அதில் ஆத்திரத்திலோ சோர்விலோ அன்றே கையெழுத்திட வேண்டாம். அவருக்கு 40 வயது நிரம்பியிருந்து, வயதுப் பாகுபாட்டுக்காக வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிடும்படி அந்த ஒப்பந்தம் கேட்குமானால், யோசித்துப் பார்க்க 21 நாள் கொடுத்தாக வேண்டும். பலரோடு சேர்த்து நீக்கியிருந்தால் 45 நாள். கையெழுத்திட்ட பிறகும் 7 நாளுக்குள் மனம் மாறலாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்குமானால், மாநில அரசின் வேலையின்மை உதவித்தொகைக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். நம்மவர்கள் பலர் அதை வாங்கக் கூச்சப்படுகிறார்கள். முதலாளிகள் கட்டும் வரியிலிருந்து வருகிற காப்பீட்டுத் தொகை அது; கூச்சத்துக்கு வேலையே இல்லை.

கேள்வி: வேலை போனால் சம்பளம் நிற்பது புரிகிறது. மருத்துவக் காப்பீடு ஏன் கூடவே நிற்க வேண்டும்? நோய்க்கும் முதலாளிக்கும் என்ன சம்பந்தம்?
(வாசகர், நேப்பர்வில், இல்லினாய்)

பதில்: நோய்க்கும் முதலாளிக்கும் சம்பந்தம் உண்டாக்கியது இரண்டாம் உலகப் போர். 1942-இல் விலைவாசி ஏறிவிடாமலிருக்கச் சம்பள உயர்வுக்கு அரசு தடை போட்டது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் ஆலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை; சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து ஆள் பிடிக்கவும் வழியில்லை. ஆனால் காப்பீடு போன்ற சலுகைகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்பதால், “எங்களிடம் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று முதலாளிகள் போட்டி போட ஆரம்பித்தார்கள். போர் முடிந்தும் வழக்கம் முடியவில்லை. 1954-ஆம் ஆண்டின் வரிச் சட்டம், முதலாளி கட்டும் காப்பீட்டு ப்ரீமியம் ஊழியரின் வருமானத்தில் சேராது என்று உறுதி செய்தது. அதாவது நூறு டாலரைச் சம்பளமாக வாங்கினால் வரி உண்டு; அதே நூறு டாலரைக் காப்பீடாக வாங்கினால் வரி கிடையாது. எழுபது ஆண்டுகளாக இந்த ஒரு சலுகைதான் காப்பீட்டை வேலையோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறது.

1965-இல் முதியவர்களுக்கு மெடிகேரும் ஏழைகளுக்கு மெடிகெய்டும் வந்தன. நடுவில் இருக்கிற உழைக்கும் வயதினரை முதலாளியின் பொறுப்பிலேயே விட்டுவிட்டார்கள். 2010-இன் ஒபாமா காப்பீட்டுச் சட்டம் தனியாக வாங்குவோருக்குச் சந்தை ஒன்றை அமைத்தது. அதோடு 50 முழுநேர ஊழியர்களுக்குக் குறையாமல் வைத்திருக்கும் நிறுவனங்கள் காப்பீடு தர வேண்டும், இல்லையேல் அபராதம் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. பழைய ஆணியைப் பிடுங்காமல், இன்னும் இரண்டு அடி அடித்து இறக்கினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சம்பளம், மருந்து, விடுப்பு, நம்மில் பலருக்கு நாட்டில் தங்கும் உரிமை என எல்லாவற்றையும் ஒரே ஆணியில் மாட்டிவைத்தால், ஆணி கழன்ற அன்று எல்லாமே தரையில்தான் கிடக்கும். சொந்தத் தொழில் தொடங்கும் திறமையும் சேமிப்பும் உள்ள நண்பர் ஒருவர், மகளுக்கு இன்சுலின் வேண்டும் என்ற ஒரே காரணத்தால் பிடிக்காத வேலையில் ஒன்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார். தொழில் ஊக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாடு, இந்த ஒன்றைக் கண்டுகொள்வதே இல்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால், கோப்ரா சட்டப்படி அதே காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் இதுவரை முதலாளி கட்டிய பங்கையும் நீங்களே கட்ட வேண்டும். நிர்வாகச் செலவுக்கென 2 சதவீதம் சேர்த்து மொத்தம் 102 சதவீதம் வரை கேட்கலாம். எனக்கு அந்தக் கடிதம் தடித்த உறையில் வந்தது. சமையலறை மேசையில் என் மனைவி அதைப் பிரித்து, நான்காம் பக்கத்தில் இருந்த மாதத் தொகையைப் படித்துவிட்டு, “இது வருஷத்துக்கா?” என்று கேட்டார். அது மாதத்துக்கு, எங்கள் வீட்டு வாடகையை நெருங்கிய தொகை.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம் அந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. கோப்ரா வேண்டுமா என்று முடிவு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு. முடிவு செய்த பிறகு முதல் தவணை கட்ட இன்னும் 45 நாள் உண்டு. எப்போது சேர்ந்தாலும் காப்பீடு நின்ற நாளிலிருந்தே அது செல்லும். ஆகவே வேறு வேலை விரைவில் கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ள குடும்பம், உறையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நாளைக் கணக்கிட்டுக் காத்திருக்கலாம். நடுவில் யாராவது படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டால், விடுபட்ட மாதங்களுக்கும் சேர்த்துப் பணத்தைக் கட்டிச் சேர்ந்துகொள்ளலாம். அதே 60 நாளுக்குள் அரசுச் சந்தையில் தனிக் காப்பீடு வாங்கவும் உரிமை உண்டு. இரண்டு கெடுவும் கைநழுவினால், ஆண்டு இறுதிச் சேர்க்கைக் காலம் வரை பலருக்குக் கதவு சாத்தியே இருக்கும்.

கேள்வி: எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். வேலை போனால் 60 நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்கிறார்களே, அந்த 60 நாள் எப்போது ஆரம்பிக்கிறது?
(வாசகர், சன்னிவேல், கலிபோர்னியா)

பதில்: 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதி இது. வேலை முடிந்த மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். பொதுவாக, சம்பளம் வழங்கப்பட்ட கடைசி நாளையே வேலை முடிந்த நாளாகக் குடியேற்றத் துறை கொள்கிறது. ஒட்டுமொத்தமாகக் கொடுக்கும் இழப்பீட்டுத் தொகை அந்த நாளைத் தள்ளிப்போடும் என்று நம்பியிருக்க வேண்டாம். எதுவரை தங்கலாம் என்று காட்டும் வருகைப் பதிவான உங்கள் ஐ-94 அதற்கு முன்பே காலாவதியானால் அதுவே எல்லை. இந்த அவகாசத்துக்குள் புதிய நிறுவனம் உங்களுக்காக மனு போட வேண்டும், அல்லது நீங்கள் வேறு வகை விசாவுக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். புதிய எச்-1பி மனுக்களுக்கென 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 1,00,000 டாலர் கட்டணத்தைப் பற்றிப் பலர் பதறி எழுதியிருக்கிறார்கள். செல்லுபடியாகும் விசா நிலையோடு இந்நாட்டுக்குள்ளேயே இருந்து நிறுவனம் மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று துறை அடுத்த மாதமே விளக்கிவிட்டது. அவகாசம் முடியும் வரை காத்திராமல் முதல் வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: காபிக் கடையில் ஒரு பொட்டலம் பிஸ்கட்டை நானே எடுத்துக் கொடுத்தாலும், திரையை என் பக்கம் திருப்பி 18, 20, 25 சதவீதம் என்று டிப்ஸ் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் பாவமா?
(வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: பிஸ்கட்டுக்குப் பாவமில்லை. மேசைக்கு வந்து பரிமாறுகிறவருக்குக் கொடுக்காமல் எழுந்தால், கொஞ்சம் பாவம்தான். டிப்ஸ் வாங்குவோருக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி முதலாளி தர வேண்டிய குறைந்தபட்ச மணிக்கூலி 2.13 டாலர், 1991-இலிருந்து அது அசையவே இல்லை. டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது விதி, அந்த 7.25-உம் 2009-இல் நின்றுபோன கடிகாரம். கலிபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் டிப்ஸைக் கணக்கில் கொள்ளாமல் முழுக் கூலியையும் தரச் சொல்கின்றன. உங்கள் நியூ ஜெர்சி அந்த ஏழில் இல்லை. கூலி கொடுக்கும் பொறுப்பை வாடிக்கையாளரின் மனசாட்சியிடம் ஒப்படைத்துவிட்ட ஏற்பாடு இது. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தைப் பரிமாறுகிறவரிடம் காட்டுவது சரியாகாது.

கேள்வி: நூற்றுக்கு மேல் விண்ணப்பங்கள் போட்டுவிட்டேன். சில இடங்களில் இரவு இரண்டு மணிக்கு விண்ணப்பித்து, இரண்டே கால் மணிக்கு நிராகரிப்பு வருகிறது. மனிதர் எவராவது படிக்கிறாரா, செயற்கை நுண்ணறிவுதான் தள்ளிவிடுகிறதா?
(வாசகி, குயின்ஸ், நியூயார்க்)

பதில்: இரண்டே கால் மணிக்கு வந்தது நிச்சயமாக மனிதர் எழுதியதாக இருக்காது. ஆனால் எல்லாவற்றுக்கும் செயற்கை நுண்ணறிவின் மேல் பழி போட வேண்டாம். விசா ஆதரவு வேண்டுமா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று அழுத்தியதும் வெளியே தள்ளிவிடும் எளிய சல்லடைகள் வெகுகாலமாகவே உண்டு. நீங்கள் நியூயார்க் நகரத்தில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2023 ஜூலை முதல் அங்கே அமலாக்கப்படும் நகரச் சட்டம், ஆள் தேர்வுக்குத் தானியங்கிக் கருவியைப் பயன்படுத்தும் நிறுவனம் அது இனத்தையோ பாலினத்தையோ பார்த்து ஓரவஞ்சனை செய்கிறதா என்று ஆண்டுதோறும் வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்து, முடிவின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்கிறது. விண்ணப்பதாரருக்கும் 10 வேலை நாளுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். எந்தக் கருவி சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்பதில் ஓட்டைகள் ஏராளம். முடிவில் மனிதர் கையும் இருக்கிறது என்று சொல்லி நழுவ நிறுவனங்களுக்கு இடமிருக்கிறது. இருந்தாலும் அந்தத் தணிக்கைப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். இருந்தால், உங்களை யார் படிக்கிறார் என்பதாவது தெரியும்.

கேள்வி: மதுரையில் என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இங்கிருந்து இரண்டு மாதம் போய்ப் பார்த்துக்கொண்டால் என் வேலை நிலைக்குமா?
(வாசகி, ஃப்ரீமான்ட், கலிபோர்னியா)

பதில்: 1993-இன் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் ஆண்டுக்கு 12 வாரம் சம்பளமில்லா விடுப்புத் தருகிறது, திரும்பி வரும்போது அதே வேலையையோ அதற்கு நிகரானதையோ கொடுக்க வேண்டும். 50 ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனம், ஓராண்டுப் பணி, அந்த ஆண்டில் 1,250 மணி நேர உழைப்பு ஆகியவை நிபந்தனைகள். ஆனால் அச்சட்டத்தின் கண்ணில் ‘பெற்றோர்’ என்றால் உங்களைப் பெற்றவர்கள், அல்லது பெற்றோர் நிலையில் இருந்து வளர்த்தவர்கள் மட்டுமே. மாமியார் அதில் வரமாட்டார். உங்கள் கணவர் விண்ணப்பித்தால், அவருக்கு அவர் தாய், தடையில்லை. உங்கள் மாநிலம் இதில் தாராளமானது: 2004-இல் வழங்கத் தொடங்கிய குடும்ப விடுப்பு உதவித்தொகையில், 2014 முதல் மாமனார், மாமியாரையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த உதவித்தொகை சம்பளத்தின் ஒரு பகுதியைத்தான் தருகிறது; வேலையைக் காப்பது மாநிலத்தின் தனிக் குடும்ப உரிமைச் சட்டம், அதிலும் 2022 முதல் மாமனார், மாமியார் சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே நீங்களே போவதானால், அந்த மாநிலச் சட்டத்தின் கீழ் விடுப்பு வேண்டும் என்று உங்கள் அலுவலகத்திடம் கேட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவர் போவதாக முடிவானால் இன்னொன்று. வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்கு அந்த நாட்டு மருத்துவர் கொடுக்கும் சான்றிதழை நிறுவனம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மதுரை டாக்டரிடம் ஆங்கிலத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். தமிழில் இருந்தால், நிறுவனம் கேட்கும்போது மொழிபெயர்ப்பை நீங்கள்தான் தர வேண்டியிருக்கும்.