பாராலிம்பிக் சைக்கிள் வீரர்களில் உங்களை அசத்தியவர் யார், ஏன்?

பிரிட்டனின் சாரா ஸ்டோரி. பாராலிம்பிக்கில் மொத்தம் 19 தங்கம். ஆனால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அவர் கோட்டைவிட்ட ஒரு முயற்சியைப் பார்த்துத்தான். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

தாய் வயிற்றில் இருக்கும்போதே தொப்புள்கொடி சுற்றிக்கொண்டதில் அவருடைய இடது கை சரியாக வளரவில்லை. முதலில் அவர் நீச்சல்காரர். 1992 பார்சிலோனாவில், 14 வயதிலேயே இரண்டு தங்கம். 2005இல் காதில் தொற்று வந்து விடாமல் படுத்த, தண்ணீரில் இறங்க முடியாத நாட்களில் உடம்பு தளர்ந்துவிடக் கூடாதே என்று சைக்கிளைத் தொட்டவர், அதோடு கட்சி மாறிவிட்டார்.

அரங்கத்துக்குள் வளையப் பாதையில் ஓட்டுகிற டிராக் சைக்கிளுக்குக் கியரும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது சீட்டைவிட்டு எழுந்து, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்தால்தான் மிதிக்கிற காலுக்கு முழு பலம் கிடைக்கும். இடது கையில் பிடி இல்லாதவருக்கு அந்த முதல் சில மிதிகள் எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். அப்படியும் டோக்கியோவில், 43 வயதில், 3,000 மீட்டர் பர்சூட் (எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி ஒருவரை ஒருவர் துரத்தும் பந்தயம்) தகுதிச் சுற்றை 3 நிமிடம் 27.057 விநாடியில் முடித்து உலக சாதனை. இறுதிப் போட்டியிலோ, எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பிய சக நாட்டு வீராங்கனையைத் துரத்திப் பிடித்து, தூரம் முடியும் முன்பே ஆட்டத்தை முடித்துவிட்டார்.

2011 டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகரில், மாற்றுத்திறன் பிரிவு இல்லாத சாதாரண உலகக் கோப்பையில், குழு பர்சூட் தங்கம் வென்ற மூவரில் இவரும் ஒருவர். ஆனால் லண்டன் ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்கவில்லை. சரி என்று பாராலிம்பிக்குக்குப் போய் நான்கு தங்கம் அள்ளினார்.

இப்போது அந்தத் தோல்விக்கு வருகிறேன். 2015 பிப்ரவரியில், முதல் குழந்தை பிறந்து இரண்டு வருடம்கூட ஆகாத நிலையில், ஒரு மணி நேர சாதனைக்கு, அதாவது ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டும் சாதனைக்கு, முயன்றார். எல்லாப் பெண்களுக்குமான சாதனை அது. லண்டன் வெலோட்ரோமில் (சைக்கிள் பந்தய அரங்கம்) சுமார் 182 சுற்று, 45.502 கி.மீ. சாதனையோ 46.065; காற்றின் தடை குறைவான மெக்ஸிகோ சிட்டியின் மெல்லிய காற்றில் வேறொருவர் வைத்தது. 563 மீட்டரில் போயிற்று. இத்தனை தங்கம் கையில் இருக்கும்போது தோற்கக்கூடிய இடமாகத் தேடிப் போக யாருக்கு மனசு வரும்?

2024 பாரிஸில் அவருக்கு 46 வயது. சாலைப் பந்தயத்தில் பிரான்ஸின் 19 வயது ஹெய்டி கோகெனைக் கடைசி ஸ்பிரிண்டில் முந்தித் தங்கம். தனித்தனியாகக் கிளம்பி நேரத்தோடு மோதும் நேரப் பந்தயத்திலும் தங்கம்தான். ஆனால் அது வெறும் 14 கி.மீ., தூரம் போதவே போதாது என்று குறைபட்டுக்கொண்டார்.