முன்னால் மெதுவான விமானம் போகிறதா? பேஸ் திருப்பத்தைத் தள்ளிப்போடுங்கள்

கேள்வி: செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் தனியாகப் பறக்கத் தொடங்கியிருக்கிறேன். டவர் (விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டுக் கோபுரம்) இல்லாத விமான நிலையத்தில் இறங்கும்போது, முன்னால் மெதுவான விமானம் இருந்தால் ஃபைனலில், அதாவது ரன்வேயை நோக்கி நேராக இறங்கும் கடைசிப் பகுதியில், அதை நெருங்கிவிடுகிறேன். எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? வளைந்து வளைந்து வந்து சமாளிக்கலாமா?

பதில்: நீங்கள் தரை தொடும்போது அந்த விமானம் ரன்வேயை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். அதற்குத் தேவையான இடைவெளியை டவுன்விண்டிலேயே (ரன்வேக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பகுதி) உண்டாக்க வேண்டும். ஃபைனலில் வந்து தேடினால் கிடைக்காது.

கணக்கு எளிது. முன்னால் போகிறவர் ஃபைனலில் 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்தில் இறங்குகிறார், நீங்கள் 90 நாட்டில் பின்தொடர்கிறீர்கள் என்றால், நிமிடத்துக்கு அரை கடல் மைல் இடைவெளி கரைகிறது. எனவே டவுன்விண்டிலேயே பவரைக் குறைத்து, ஒரு கட்டம் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகை) போட்டு வேகத்தைத் தணியுங்கள். மாணவர்கள் பலரும் தரையில் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ அடையாளம் வைத்து, தினமும் அதே இடத்தில் பேஸுக்கு (டவுன்விண்டையும் ஃபைனலையும் இணைக்கும் குறுக்குப் பகுதி) திரும்புகிறார்கள். வேறு விமானம் இல்லாத சர்க்யூட்டில் (இறங்குவதற்காக ரன்வேயைச் சுற்றி வரும் பாதை) அது சரி. முன்னால் ஆள் இருந்தால் அடையாளம் அந்த விமானம்தான். அது ஃபைனலில் எதிர்த்திசையில் வந்து உங்கள் இறக்கை நுனியைக் கடக்கும்வரை திரும்பாதீர்கள். திரும்பும் முன் இறக்கையைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். உங்களுடையதுபோல் இறக்கை மேலே உள்ள விமானத்தில் திரும்பும் பக்கம்தான் மறைந்துபோகும்.

ஃபைனலில் வளைவது எனக்குப் பிடிக்காத வேலை. உயரம் குறைவு, வேகமும் குறைவு. உயரம் மாறாமல் திரும்பும்போது 45 டிகிரி சாய்ந்தால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) 19 சதவீதம் ஏறும். 50 நாட் என்பது ஏறக்குறைய 60 ஆகிவிடும். சர்க்யூட்டுக்குள் முழு வட்டம் அடிப்பதும் வேண்டாம், பின்னால் வருகிறவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ரேடியோவை மட்டும் நம்பாதீர்கள். 2022 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் வாட்சன்வில்லில், நேராக ஃபைனலுக்கு வந்த இரட்டை எஞ்சின் செஸ்னா 340-உம் சர்க்யூட்டில் இருந்த செஸ்னா 152-உம் மோதி 3 பேர் இறந்தார்கள். இரண்டு விமானிகளுமே தங்கள் இடத்தை அறிவித்துக்கொண்டுதான் வந்தார்கள். பெரிய விமானம் 180 நாட் அளவில் வந்துகொண்டிருந்தது. ஆகவே யாராவது '3 மைல், நேர் ஃபைனல்' என்றால் முதலில் என்ன விமானம் என்று கேளுங்கள். 60 நாட்டில் 3 நிமிடம் பிடிக்கும் தூரம், 180 நாட்டில் ஒரே நிமிடம். அது கண்ணில் படும்வரை பேஸுக்குத் திரும்ப வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் நெருங்கிவிட்டால் தயங்காமல் கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி ஏறுங்கள். முழு பவர் கொடுத்து ஏறத் தொடங்கியதும் ரன்வேக்கு நேர் மேலே போகாமல், சர்க்யூட்டுக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். கீழே இருப்பவரும் ஏதோ காரணத்தால் மறுபடி மேலெழும்பலாம். அவர் உங்கள் மூக்குக்கு அடியில் மறையாமல் ஜன்னல் வழியே தெரிய வேண்டும்.