மேற்கோளுக்கு முன் என்ன எழுதுவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘சங்கப் பாடல்களில் மனித சமத்துவம்’ என்ற என் கட்டுரையில் மேற்கோள் வரும் இடங்களிலெல்லாம் ‘ஒட்டவில்லை’ என்று நெறியாளர் எழுதித் தந்திருக்கிறார். பாடல் எண், அடிக்குறிப்பு எல்லாம் சரியாகவே கொடுத்திருக்கிறேன். ஓர் இடம்: “சங்ககால மக்கள் அனைவரையும் உறவாகக் கருதினர். இதனை, ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ (புறம். 192) என்ற அடியால் அறியலாம்.” இதில் என்ன குறை?

க.

அன்புள்ள க.,

‘இதனை … என்ற அடியால் அறியலாம்’ என்பது நம் ஆய்வேடுகளில் நெடுங்காலமாகப் புழங்கும் அச்சு. இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் பேசுவது யார், எதைச் சொல்லிவரும்போது இதைச் சொல்கிறார் என்பது அதில் வருவதே இல்லை. தமிழில் ‘என்கிறார்’ மேற்கோளுக்குப் பின்னால்தான் வரும் என்பதால் இந்தக் குறை இன்னும் பெரிதாகிறது. யார் குரல் என்று தெரியாமலே வாசகர் மேற்கோளைக் கடந்துவிடுகிறார். ஆகவே, சொல்பவரையும் சூழலையும் மேற்கோளுக்கு முன்னாலேயே கொண்டுவந்துவிடுங்கள்.

அப்படி எழுத உட்கார்ந்தால் பாடலை முழுதாகப் படித்தாக வேண்டியிருக்கும். புறம் 192 பதின்மூன்று அடிகள். முதல் அடிக்குப் பின் ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்று தொடங்கி, சாவு புதிதல்ல, வாழ்வு இனிதென்று மகிழ்ந்ததும் இல்லை என்று போகிறது. பிறகு பேராற்று நீரின் வழியே போகும் புணை, அதாவது தெப்பம், வருகிறது. உயிரும் அப்படி முறைவழியே செல்லும் என்கிறார் புலவர். உறவு கொண்டாடுவதோடு பாட்டு நிற்கவில்லை. சமத்துவத்துக்கு உங்களுக்கு வேண்டிய சான்று கடைசி அடிகளில் இருக்கிறது, நீங்களோ முதல் அடியோடு நின்றுவிட்டீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

“ஆற்று நீர் இழுத்த வழியில் தெப்பம் போவதுபோல உயிர் முறைவழியே போகிறது என்கிறார் கணியன் பூங்குன்றனார். இதைத் தெளிந்தவருக்கு எவரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ காரணமில்லை என்று பாடலை முடிக்கிறார்: ‘… மாட்சியின் / பெரியோரை வியத்தலும் இலமே, / சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ (புறம். 192). வியத்தலை மறுப்பதைவிட இகழ்தலை ‘அதனினும்’ என்று கூடுதலாக மறுக்கிறார்.”

மேற்கோளுக்குப் பின்னால் வரும் அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மேற்கோளில் உள்ள ஒரு சொல்லைத் தொட்டு அது பேச வேண்டும். மேற்கோளையே உரைநடையில் திருப்பிச் சொன்னால் இடம்தான் வீண்.

அடியின் நடுவில் தொடங்கியதால் முன்னால் மூன்று புள்ளி. அடி முறியும் இடத்தில் சாய்கோடு. எம்.எல்.ஏ. (Modern Language Association) என்ற அமைப்பின் மேற்கோள் முறையில் மூன்றடி வரை செய்யுளைப் பத்திக்குள்ளேயே இப்படிக் கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் தனி வரிகளாக அரை அங்குலம் உள்தள்ளி, மேற்கோள் குறி இல்லாமல் கொடுக்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்துக்கென்று விதி இருந்தால் அதுவே முதல். சந்தி பிரித்த பதிப்போ பிரிக்காத பதிப்போ, ஒன்றையே கடைசிவரை பின்பற்றுங்கள். இணையத்தில் நகலெடுத்த பாடல்களில் அடிப்பிரிப்பு அடிக்கடி குலைந்திருக்கும். அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டே சேருங்கள்.

அகப்பாடல்களில் கூற்று யாருடையது என்பதை முதலில் பாருங்கள். ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ (குறுந். 40) தலைவன் கூற்று. ‘செம்புலப்பெயனீரார் தம் காதலியிடம் கூறுகிறார்’ என்று எழுதினால் பாடியவரையும் பாட்டில் பேசுபவரையும் ஒன்றாக்கிவிடுகிறீர்கள். ‘தலைவன் கூற்றாக அவர் பாடியது’ என்றால் போதும்.

ஆய்வாளர்களை மேற்கோள் காட்டும்போது வினைச்சொல்லில் கவனம் தேவை. ‘என்கிறார்’ எங்கும் பொருந்தும். காரணம் காட்டிப் பேசியிருந்தால் மட்டும் ‘வாதிடுகிறார்’. ‘நிறுவுகிறார்’ என்று எழுதினால் அந்த முடிவை நீங்களும் ஏற்றதாக ஆகிவிடும். அடுத்த பக்கத்தில் அவரை மறுக்க முடியாது. வெறும் தகவல்தான் வேண்டுமென்றால் உங்கள் சொற்களில் எழுதி அடிக்குறிப்பு கொடுங்கள். ஒருவர் எடுத்தாண்ட வரியை அவர் நூலிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் மூலத்தைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

‘சங்ககால மக்கள்’ என்ற எழுவாயையும் மாற்றியாக வேண்டும். ஒரு புலவரின் ஒரு பாட்டு அத்தனை பேருக்கும் சான்றாகாது. அதே புறநானூற்றின் 183ஆம் பாடலில் பாண்டிய மன்னன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், ‘வேற்றுமை தெரிந்த நாற்பால் உள்ளும்’ (வேறுபட்ட நான்கு பிரிவுகளுக்குள்ளும்) கீழ்ப்பால் ஒருவன் கற்றால் மேற்பால் ஒருவனும் அவனிடம் போவான் என்கிறான். கல்வி அந்த வரிசையை மாற்றும் என்று சொல்லும் அந்த வரியே, மேல் கீழ் என்ற வரிசை இருந்ததையும் காட்டிவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எழுதுங்கள். உங்கள் கட்டுரையின் வாதம் அங்கேதான் தொடங்குகிறது.