எல்லோரும் அந்த வெளிநாட்டு சாரையே கேட்கிறார்கள்!

கேள்வி: ஸ்போக்கன் இங்கிலீஷ் பயிற்சி நிலையம் ஒன்றில் பல வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன். சமீபத்தில் இங்கிலாந்து இளைஞர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். அதிலிருந்து மாணவர்கள் அவருடைய பேட்ச்தான் வேண்டும் என்கிறார்கள். கருத்துப் படிவத்தில் என் பாடத்தைப் பற்றி ஒரு குறையும் இல்லை. ‘எங்களுக்கும் அந்த சாரைப் போடுங்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். மனசு விட்டுப்போச்சு. ஆக்சென்ட் பயிற்சியில் சேரலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, அந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள்.

மாணவர்கள் மேல் கோபமும் வேண்டாம். இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் நாலு வார்த்தை பேசி, அது அவருக்குப் புரிந்துவிட்டால் ‘நமக்கும் வருகிறது’ என்று ஒரு தைரியம் பிறக்கும். அதற்காகத்தான் போகிறார்கள். அந்தத் தைரியத்தை உங்களால் அதே மாதிரி கொடுக்க முடியாது. இதை ஒப்புக்கொண்டால் பாதி வருத்தம் போய்விடும்.

ஆனால் இதில் ஆளின் முகமும் சேர்ந்து வேலை செய்கிறது. டொனால்ட் ரூபின் என்பவர் 1992-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே பெண் குரலில் பதிவான பாடத்தைக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டார்கள். சிலருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், சிலருக்கு ஆசியப் பெண்ணின் படம். குரல் என்னவோ அமெரிக்கப் பெண்ணுடையதுதான். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களின் காதில், அந்தக் குரலில் இல்லாத அந்நிய உச்சரிப்பு விழுந்தது. பாடமும் மனதில் குறைவாகவே நின்றது. நீங்கள் எந்த ஆக்சென்ட்டைப் பழகினாலும் இது முழுசாகப் போகாது. அது உங்கள் குறையே இல்லை.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோது, உச்சரிப்புக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், இலக்கணத்துக்கு உள்ளூர் ஆசிரியர், இருவரும் இருந்தால் இன்னும் நல்லது என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நம் வகுப்பையே பாருங்கள். ஒரு பையன் ‘ஐ ஹேவ் கம் எஸ்டர்டே’ என்கிறான். அந்த இளைஞர் ‘ஐ கேம்’ என்று திருத்துவார். பயிற்சி பெற்றவராக இருந்தால் விதியையும் சொல்வார். ஆனால் அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவன் மனதில் ஓடுவது ‘நேத்தே வந்துட்டேன்’. நம் ‘வந்துட்டேன்’ நேற்றோடும் சேரும், இப்போதோடும் சேரும். ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ போட்டுவிட்டால் பக்கத்தில் ‘எஸ்டர்டே’ வரக்கூடாது. இரண்டு வரியையும் போர்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுங்கள், வகுப்பே பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தைத் தமிழ் வழியாகத் தட்டுத் தடுமாறிக் கற்றவருக்குத்தான் இந்த இடம் கண்ணில் படும்.

உச்சரிப்பில் ஒரு விஷயத்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: அசை அழுத்தம். ‘போட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையை அழுத்துகிறோம். ‘போட்டோகிராஃபர்’ என்றால் அழுத்தம் இரண்டாவது அசைக்குப் போய்விடும். இது தவறினால் வெளியூர்க்காரருக்குப் புரியாமல் போகலாம். மற்றபடி உங்கள் பேச்சில் தமிழ் வாசனை இருந்தால் இருக்கட்டும். வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில்கூட, உச்சரிப்பு தெளிவாகப் புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். பிரிட்டிஷ்காரர் போலப் பேசுகிறாரா என்று பார்ப்பதில்லை.

இனி செய்ய வேண்டியது. நிர்வாகத்திடம் பேசி, வாரம் ஒரு வகுப்பையாவது அவரோடு சேர்ந்து எடுங்கள். ஜப்பானில் 1987-ல் தொடங்கிய ‘ஜெட்’ திட்டத்தில் வரும் வெளிநாட்டு உதவி ஆசிரியர்கள் பள்ளிகளில் உள்ளூர் ஆசிரியரோடு சேர்ந்துதான் பாடம் எடுக்கிறார்கள். அவர் மாணவர்களைப் பேச வைக்கட்டும். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தப்புகளைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அவற்றையே பாடமாக்குங்கள். அந்த இளைஞரும் இதை விரும்புவார் என்றே நினைக்கிறேன். மாணவன் ஏன் அப்படிப் பேசுகிறான் என்பது அவருக்கும் புரிய வேண்டாமா?

அப்புறம், சம்பளத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஒரே வேலைக்கு அவருக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றால், அதைக் கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் அனுபவத்தையும் உங்கள் மாணவர்களின் தேர்ச்சியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய், நேராகவே கேளுங்கள்.